அந்நியத் துணி எது? 1934ஆம் ஆண்டுச் சட்டமும் மலாயா மக்களும்

உள்நாட்டுப் பொருளை வாங்குவதா, அந்நியப் பொருளை வாங்குவதா என்னும் வினா இன்று நேற்றுத் தோன்றியதன்று. வாணிகம் கடல் கடந்த நாள்தொட்டு அதுவும் கூடவே வந்துகொண்டிருக்கிறது. வினாவை எழுப்புவோர் பெரும்பாலும் நாட்டுப்பற்றின் பெயரால் எழுப்புகின்றனர். விடை சொல்ல வேண்டியவர்களோ மடியில் இருக்கும் காசை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லுகின்றனர். இவ்விரு சாராருக்கும் இடையே, வெளியில் தெரியாத வேறு இரண்டு வினாக்கள் உண்டு. எது சொந்தம், எது அந்நியம் என்று வரையறுப்பவர் யார்? அவ்வரையறைக்கு விலை கொடுப்பவர் யார்? 1934இல் மலாயாவில் நடைமுறைக்கு வந்த துணிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் வரலாறு இவ்விரண்டுக்கும் விடை கூறுகிறது. தோட்டத் தொழிலாளரின் கூலியைப் பற்றிப் பேசும் அளவுக்கு அவர்கள் உடுத்திய துணியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கூலி எவ்வளவு என்பது பாதிக் கணக்குதான். அது எத்தனை கெஜம் துணி வாங்கிற்று என்பது மற்றப் பாதி.

துணியைப் பொறுத்தவரை சொந்தமும் அந்நியமும் எவ்வாறு இடம் மாறுகின்றன என்பதற்குக் கைலியே சான்று. கட்டம் போட்ட கைலிக்கு மலாய் மொழியில் 'காயின் பெலேக்காட்' என்று பெயர். பெலேக்காட் என்பது வேறொன்றுமன்று. சென்னைக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள பழவேற்காடுதான். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர் அங்குக் கோட்டை கட்டிக்கொண்டு, சோழமண்டலக் கரையில் நெய்த துணிகளை வாங்கி, கீழைத் தீவுகளுக்கு அனுப்பி, அவற்றுக்கு மாற்றாக வாசனைச் சரக்குகளைப் பெற்றனர். அவர்களுக்கு முன்னரே தமிழ் வணிகரும் குஜராத்தி வணிகரும் மலாக்காவில் இவ்வாணிகத்தை நடத்தி வந்தனர். துணி ஏறிய ஊரின் பெயர் துணிக்கே பெயராகித் தங்கிவிட்டது. மாலையில் கைலி கட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குச் செல்லும் மலாய்க்காரர் தாம் கட்டியிருப்பது அந்நிய உடை என்று ஒரு நாளும் எண்ணமாட்டார்; எண்ண வேண்டியதும் இல்லை. பின்னாளில் லங்காஷயர் ஆலைகள் அதே கட்டங்களை இயந்திரத்தில் நெய்து அனுப்பின. அதற்குப் பின் ஜப்பானிய ஆலைகளும் அவ்வாறே செய்தன. உடுத்துபவருக்கு உடை ஒன்றே. நெய்த கைதான் மாறியது.

உள்நாட்டுத் துணியைக் காப்பாற்றச் சட்டம் செய்த நாடுகளுள் இங்கிலாந்தும் ஒன்று என்பதை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். இந்தியச் சீட்டித்துணியின் வண்ணத்தில் ஆங்கில மகளிர் மயங்கியிருந்த காலத்தில், 1700ஆம் ஆண்டுச் சட்டம் அச்சிட்ட இந்தியத் துணிகளை உள்நாட்டு விற்பனைக்காக இறக்குமதி செய்வதைத் தடுத்தது. அதுவும் போதவில்லை. 1719இல் லண்டன் நெசவாளர் தெருவில் சீட்டி உடுத்திச் சென்ற பெண்களைத் தாக்கி அவர்களின் ஆடைகளைக் கிழித்தெறிந்தனர். 1721இல் வந்த சட்டம் அத்தகைய துணியை உடுத்துவதையே குற்றமாக்கிற்று. 1774 வரை இத்தடை நீடித்தது. ஆங்கிலப் பருத்தித் தொழில் தன் காலில் நிற்கத் தொடங்கிய பிறகே தடை நீங்கியது. 19ஆம் நூற்றாண்டில் தடையற்ற வாணிகமே நாகரிகத்தின் அடையாளம் என்று உலகுக்குப் போதித்ததும் இதே நாடுதான். வகுப்பறையில் அப்போதனையை விளக்கும் ஆசிரியர்கள் இம்முன்கதையையும் சேர்த்துச் சொல்வது நலம்.

இனி மலாயாவுக்கு வருவோம். 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சி, ரப்பரையும் ஈயத்தையும் நம்பி வாழ்ந்த இந்நாட்டைப் போல வேறு நாடுகளைத் தாக்கியது குறைவு. 1925இல் ஒரு ராத்தல் ரப்பர் ஒரு வெள்ளிக்கு மேல் விற்றது. 1932இன் நடுவில் அதே ராத்தல் ஐந்து காசு அளவுக்கு இறங்கிவிட்டது. முக்கியமான தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாக இருந்த நாட்கூலி, 1930இல் 40 காசும் 32 காசுமாகக் குறைக்கப்பட்டது. அதன்பின் மேலும் இறங்கியது. வேலையிழந்து தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டோர் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர். எஞ்சி நின்றவர்கள் அரைக்கூலியில் அரிசியும் வாங்க வேண்டும், ஆடையும் வாங்க வேண்டும்.

அவ்வேளையில்தான் ஜப்பானியத் துணி மலிவாக வந்து குவிந்தது. அரேபியத் தெருவில் இருந்த மொத்த வணிகர் முதல் தோட்டங்களுக்குத் தலைச்சுமையாகத் துணி மூட்டை கொண்டுவந்து கடனுக்குக் கொடுப்பவர் வரை எல்லாரிடமும் அதுவே கிடைத்தது. மல்துணி, சீட்டி, கைலி, பனியன், செயற்கைப் பட்டு ஆகிய எல்லாம் ஜப்பானிலிருந்து வந்தன. பட்டுப் போல் மின்னும் சேலையை முன்பு கிராணியார் வீட்டுப் பெண்கள்தாம் கட்ட முடிந்தது. செயற்கைப் பட்டின் வரவால் பால்மரம் வெட்டும் பெண்ணுக்கும் அது எட்டும் பொருளாயிற்று. துணி நயமானது என்று யாரும் சொல்லவில்லை. நாலு தண்ணீர் கண்டால் சாயம் போகும் என்ற குறை எங்கும் இருந்தது. ஆயினும் சாயம் போகும் சேலை, சேலையே இல்லாததைவிட மேல் அன்றோ?

இம்மலிவுக்குக் காரணம் ஜப்பானியத் தொழிலாளரின் குறைந்த கூலியே என்று ஆங்கிலேய ஆலை முதலாளிகள் ஓயாது கூறி வந்தனர். அதில் உண்மை உண்டு. நாட்டுப்புறத்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்து விடுதிகளில் அடைபட்டுக் கிடந்த இளம்பெண்களின் உழைப்பில்தான் அந்நாட்டு ஆலைகள் வளர்ந்தன. 1929 வரை அங்குப் பெண்கள் இரவு வேலையும் செய்தனர். ஆனால் அது மட்டுமே காரணமன்று. 1931 டிசம்பரில் ஜப்பான் தங்கத் திட்டத்தை விட்டு விலகியது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் பவுனோடு ஒப்பிட யென் தன் பழைய மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்தது. மலாயா வெள்ளியோ 1906 முதல் 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று பவுனோடு கட்டப்பட்டிருந்தது. ஆதலால் ஜப்பானியச் சரக்கின் விலை மலாயாக் கடைகளில் தானே விழுந்தது. இதற்கும் மேலாக இயந்திரத் திறன் ஒன்று இருந்தது. டொயோடா சக்கீச்சி அமைத்த தானியங்கித் தறியின் உரிமையை, நெசவு இயந்திரங்களுக்கு உலகப் புகழ் பெற்ற ஓல்டம் நகரத்து பிளாட் நிறுவனமே 1929இல் விலை கொடுத்து வாங்கியது. லங்காஷயரின் நடுவிலிருந்த நிறுவனம் ஜப்பானியனிடம் தறி வாங்கியது என்றால், கூலிக் குறைவு என்ற ஒரே சொல்லால் கதையை முடித்துவிட முடியாது.

லங்காஷயரின் துன்பம் பொய்யன்று. 1913இல் ஏறத்தாழ 700 கோடி கெஜம் பருத்தித் துணியை உலகுக்கு அனுப்பிய பிரிட்டன், 1933இல் ஏறத்தாழ 200 கோடி கெஜமே அனுப்பியது. அவ்வாண்டில் ஜப்பான் அதனை முந்திவிட்டது. நகரங்கள் முழுதும் வேலையின்றிக் கிடந்தன. 1931 செப்டம்பரில் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் சென்ற காந்தியடிகள் லங்காஷயரில் உள்ள டார்வென் பகுதிக்கும் சென்றார். அவர் தொடங்கிய அந்நியத் துணி விலக்கால் வேலை இழந்தவர்கள் அவரைச் சினத்தோடு எதிர்கொள்வர் என்று பலர் அஞ்சினர். அவர்களோ அன்போடு வரவேற்றனர். அவர்களின் துன்பத்துக்கு வருந்திய அவர், இந்தியக் கிராமத்தின் வறுமை அதனினும் பன்மடங்கு கொடியது என்பதையும் மறைக்காமல் எடுத்துரைத்தார். இருதரத்து ஏழைகளும் நேருக்கு நேர் பேசிக்கொண்ட அத்தகைய நிகழ்ச்சி இவ்வரலாற்றில் வேறில்லை. அரசியலார் செய்தது வேறு.

1934இன் தொடக்கத்தில் இங்கிலாந்து, ஜப்பான் துணித்தொழில் பேராளர்கள் லண்டனில் கூடிச் சந்தைகளைப் பங்கிட்டுக்கொள்ள முயன்றனர். பேச்சு முறிந்தது. அவ்வாண்டு மே 7ஆம் நாள் வாணிக அமைச்சர் வால்ட்டர் ரன்சிமன் பாராளுமன்றத்தில் ஓர் அறிவிப்புச் செய்தார். குடியேற்ற நாடுகளில் இறக்குமதியாகும் அந்நியப் பருத்தித் துணிக்கும் செயற்கைப் பட்டுக்கும் அளவு வரம்பு விதிக்கப்படும். 1927 முதல் 1931 வரையிலான இறக்குமதியின் சராசரியே அந்த அளவுக்கு அடிப்படை. வணிகர் இதனைக் 'கோட்டா' என்றே வழங்கினர். எல்லா அந்நிய நாடுகளையும் சட்டம் குறித்தது எனினும், குறி ஜப்பானே என்பதை யாரும் மறைக்கவில்லை. ஜப்பானியத் துணி பெருவெள்ளமாக வருவதற்கு முந்திய ஆண்டுகளை அடிப்படையாகத் தேர்ந்ததிலேயே அது தெரிந்தது. சாம்ராஜ்யத்துக்குள் நெய்த துணிக்கு வரம்பு இல்லை.

இங்கேதான் சொற்கள் தம் பொருளை மாற்றிக்கொள்கின்றன. மலாயாவில் அந்நாளில் பெயர் சொல்லத்தக்க நெசவாலை இல்லை. கிளந்தான், திரங்கானு மாநிலங்களின் கைத்தறிகள் நாட்டின் தேவைக்குப் போதா. ஆகவே காக்கப்பட்டது மலாயாவின் தொழில் அன்று. ஆறாயிரம் மைலுக்கு அப்பால் உள்ள மான்செஸ்டர் 'சொந்தம்' ஆயிற்று. மூவாயிரம் மைல் தொலைவிலுள்ள ஒசாக்கா 'அந்நியம்' ஆயிற்று. வாங்குபவருக்கு இரண்டும் கடல் கடந்தவையே.

நீரிணைக் குடியேற்றங்களின் சட்ட அவையில் மசோதா வந்தது. 1819 முதல் தடையற்ற துறைமுகம் என்ற பெயரால் வாழ்ந்த சிங்கப்பூரின் வணிகர் இதனை விரும்பவில்லை. ஆனால் அவை அமைந்திருந்த முறையே முடிவை முன்கூட்டிச் சொல்லிவிட்டது. அதிகாரிகளும் அதிகாரிகள் அல்லாதாரும் சம எண்ணிக்கையில் இருந்தனர். முடிவு வாக்கு ஆளுநரிடம் இருந்தது. பொதுமக்கள் வாக்கால் வந்த உறுப்பினர் ஒருவரும் இல்லை. சட்டம் நிறைவேறியது.

இலங்கையில் நடந்ததை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அங்கு 1931இல் வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வந்துவிட்டது. மக்கள் தேர்ந்தெடுத்த அரசுப் பேரவை இத்துணிச் சட்டத்தை ஏற்க மறுத்தது. வாக்களிப்பவர் மலிவுத் துணி உடுத்துபவராக இருக்கும்போது அவ்வாறு நேர்வது இயல்பே. லண்டன் அரசாங்கம் பேரவையைப் புறக்கணித்து, அரசாணை மூலம் அதே கட்டுப்பாட்டை இலங்கை மீது சுமத்தியது. கேட்க ஆளிருந்த இடத்திலும் கேளாத இடத்திலும் முடிவு ஒன்றாகவே போயிற்று. இலங்கையில் அது பலவந்தம் என்பது ஏட்டில் பதிந்தது, மலாயாவில் பதியவில்லை. அவ்வளவே வேறுபாடு.

இதற்கிடையில் மலாயாவிலேயே செய்த பொருள் ஒன்றின் கதையும் அதே 1934இல் முடிவுக்கு வந்தது. சிங்கப்பூரின் தான் கா கீ ரப்பர் தோட்டத்தோடு நிற்காமல், அந்த ரப்பரைக் கொண்டு காலணியும் டயரும் வேறு பல பொருள்களும் செய்யும் தொழிற்சாலையை நிறுவியவர். இந்நாட்டில் விளைந்த பொருளை இந்நாட்டிலேயே பண்டமாக்கிய முன்னோடி என்று அவரைச் சொல்லலாம். உலக வீழ்ச்சி, வங்கிக் கடன், ஜப்பானிய மலிவுக் காலணியின் போட்டி ஆகிய மூன்றும் சேர்ந்து நெருக்க, அவருடைய நிறுவனம் 1934இல் மூடப்பட்டது. லங்காஷயருக்காக எழுந்த பரபரப்பு இத்தொழிற்சாலைக்காக எழவில்லை. உள்நாட்டுப் பொருள் என்ற சொல்லுக்கு மலாயாவில் உண்மையாகவே உரிமை கொண்டாடக்கூடியது ஒன்று இருந்தது என்றால் அது அந்த ரப்பர் காலணிதான்.

கோட்டாவால் விளைந்தது என்ன? ஜப்பானியத் துணியின் வரவு குறைந்தது. மலாயாவில் பிரிட்டிஷ் துணிக்கு இடம் கிடைத்தது. ஆனால் லங்காஷயரின் நோய் அதனால் தீரவில்லை. 1936இல் தேவைக்கு மேற்பட்ட நூற்புக் கதிர்களை விலைக்கு வாங்கி ஒழித்துக்கட்டுவதற்கென்றே பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. குடியேற்ற நாடுகளின் ஏழைகள் கூடுதலாகக் கொடுத்த காசு அந்நகரங்களுக்குச் சிறிது மூச்சு விட உதவியிருக்கலாம். வேலையில்லாதவர் அனைவர்க்கும் வேலை தரவில்லை.

இச்சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது மலாயாச் சீனர் தாமே மேற்கொண்ட ஜப்பானியப் பொருள் விலக்கு. 1919இல் சிங்கப்பூரில் அதன் பொருட்டுக் கலகமே நடந்தது. 1928இலும் விலக்கு வலுத்தது. 1937இல் சீனாவில் பெரும்போர் மூண்ட பின் அது உச்சத்தை அடைந்தது. 1938இல் திரங்கானுவின் டுங்கூன் பகுதியில் ஜப்பானியர் நடத்திய இரும்புச் சுரங்கத்தை விட்டுச் சீனத் தொழிலாளர் பெருந்திரளாக வெளியேறினர். அவர்கள் இழந்தது ஒரு முழம் துணி அன்று, அன்றாடச் சோறு. அதே ஆண்டு அக்டோபரில் சீன நிவாரண நிதிக்கான தென்கடல் கூட்டமைப்பு சிங்கப்பூரில் உருவாயிற்று. அதன் தலைமையை ஏற்றவர் தொழிற்சாலையை இழந்த அதே தான் கா கீ. கோட்டா பிறர் இட்ட கட்டளை. இதுவோ தாமே ஏற்ற நோன்பு. நோன்பின் மேன்மையை மறுக்க இடமில்லை.

ஆயினும் நோன்பு நோற்காதவனைத் தண்டிக்கப் புகும்போது அதன் நிறம் மாறுகிறது. ஜப்பானியச் சரக்கை விற்ற கடைக்காரர் சிலரின் காது அறுக்கப்பட்டது; கடைகள் மீது தார் பூசப்பட்டது. முதலீடு முழுவதையும் ஜப்பானியச் சரக்கில் போட்டிருந்த சிறு கடைக்காரனுக்கு வேறு வழி இருந்ததா என்று கேட்டவர் சிலரே. இவ்விடரை முன்னரே கண்டு சொன்னவர் தாகூர். வங்காளத்தில் 1905இல் எழுந்த சுதேசி இயக்கத்தைத் தொடக்கத்தில் பாடல்களால் வளர்த்தவரே, பின்னர் 1916இல் நூலாக வந்த 'வீடும் வெளியும்' என்னும் நாவலில் அதன் மறுபக்கத்தைக் காட்டினார். அதில் அந்நியத் துணி விற்றுப் பிழைக்கும் ஏழையின் மூட்டை தேசத்தின் பெயரால் எரிக்கப்படுகிறது. அவனுடைய வாழ்க்கையைப் பற்றி எரித்தவர்களுக்குக் கவலையில்லை. 1921இல் காந்தியடிகள் அந்நியத் துணிக்குத் தீயிட்டபோதும் தாகூர் உடன்படவில்லை. காந்தியடிகள் பக்கம் உள்ள நியாயத்தையும் மறக்கலாகாது. அவர் அந்நியத் துணியை விலக்கச் சொன்னதோடு நிற்கவில்லை. மாற்றாக இராட்டையைக் கையில் கொடுத்தார். வாங்காதே என்று சொல்பவர், எதை உடுத்துவது என்பதற்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவர் என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1934இல் லண்டன் கொடுத்த மாற்று, விலை கூடிய மான்செஸ்டர் துணி ஒன்றே.

இப்போராட்டங்களை எல்லாம் 1941 டிசம்பரில் வந்த ஜப்பானியப் படையெடுப்பு அடித்துக்கொண்டு போயிற்று. ஆக்கிரமிப்புக் காலத்தில் மான்செஸ்டர் துணியும் இல்லை, ஒசாக்காத் துணியும் இல்லை; சாக்கைத் தைத்து உடுத்திய தோட்ட மக்கள் எத்தனையோ பேர்.

வரையறுக்கும் உரிமை இந்நாட்டின் கைக்கு வந்த பின் நடந்தவற்றில் ஒன்றிரண்டைக் குறிப்பிடலாம். 1981 செப்டம்பர் 7ஆம் நாள் லண்டன் பங்குச் சந்தையில், பெரும் தோட்டங்களுக்கு உரிமையுடைய கத்ரி நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை மலேசியாவின் தேசிய முதலீட்டு நிறுவனம் சில மணி நேரத்தில் வாங்கிவிட்டது. பிரிட்டன் தரப்பில் எழுந்த முணுமுணுப்பும், மாணவர் கட்டண உயர்வும் சேர்ந்து, அவ்வாண்டு அக்டோபரில் 'பிரிட்டிஷ் பொருளைக் கடைசியாக வாங்கு' என்னும் கொள்கையைப் பிரதமர் மகாதீர் அறிவித்தார். 1983 வரை அது நீடித்தது. சாம்ராஜ்யப் பொருளை வாங்கு என்று ஆணையிட்ட தலைநகருக்கு அரை நூற்றாண்டு கழித்துக் கிடைத்த மறுமொழி என்று அதனைக் கருதலாம். அதனுடன் கிழக்கை நோக்கும் கொள்கையும் வந்தது. அதாவது ஜப்பானை நோக்கும் கொள்கை.

தேசியக் கார் நிறுவனமான புரோட்டோன் அமைக்கப்பட்டதும் ஒரு மே 7ஆம் நாளில்தான், 1983ஆம் ஆண்டு. தற்செயல் ஒற்றுமையே எனினும் வரலாற்று ஆசிரியர் கண்ணுக்குத் தப்பாது. 1985 ஜூலையில் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா, ஜப்பானின் மிட்சுபிஷி வடிவமைத்த காரை அடியொற்றியது. அதன் இயந்திரமும் மிட்சுபிஷியுடையது. அந்நியக் கார்கள் மீது உயர்ந்த வரி இருந்தது. அந்த வரி யார் நலனுக்கு என்பதை இம்முறை இந்நாட்டுப் பாராளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் காப்பிக் கடைகளிலும் பேச முடிந்தது. கார் வாங்கிய எளிய குடும்பங்கள் கொடுத்த கூடுதல் விலையைப் பற்றிய அப்பேச்சு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓயவில்லை. தொழிற்சாலையில் வேலை பெற்றவர்களும் உதிரிப்பாகம் செய்து முன்னேறியவர்களும் ஒரு பக்கம் நின்றனர். பழைய காரைக் கடனில் வாங்கி ஒன்பது ஆண்டு தவணை கட்டியவர்கள் மறுபக்கம் நின்றனர். 2017இல் அந்நிறுவனத்தின் 49.9 விழுக்காட்டுப் பங்கைச் சீனாவின் ஜீலி நிறுவனம் வாங்கியது. அதன் பின் வெளிவந்த எக்ஸ் 70 என்னும் வண்டி ஜீலியின் வடிவமைப்பைக் கொண்டது; தொடக்கத்தில் சீனாவிலிருந்தே முழு வண்டியாக இறக்குமதியாயிற்று. வண்டியின் முகப்பில் இருந்தது புலித்தலைச் சின்னம்.